பேர்த்திலிருந்து கொக்கலைக்கு எவ்வளவு நேரம்?

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எவ்வளவு தூரம் என்று வினவினால், பெரும்பாலோர் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தையே சொல்வர். "நடந்தால் அரை மணி", "பஸ்ஸில் இரண்டு மணி", "இரவு வண்டியில் ஏறினால் விடியக் கொழும்பு" என்பனவே வழக்கமான விடைகள். இவ்வாறு சொல்வது பிழையன்று. பயணம் செய்பவனுக்கு வேண்டியது மைற்கணக்கன்று. எப்பொழுது போய்ச் சேரலாம் என்பதே. ஆயினும், தூரமும் நேரமும் ஒன்றல்ல. தூரம் பூமியால் வகுக்கப்பட்டது, அது மாறுவதில்லை. நேரமோ காற்றாலும், எரிபொருளாலும், வழியைத் திறப்பாராலும் அடைப்பாராலும் மாறிக்கொண்டே இருப்பது. இவ்வுண்மையை விளக்குவதற்கு, இலங்கையின் தென்கரையோடு தொடர்புடைய ஒரு பழைய விமானப் பயணத்தைப் போல ஏற்ற சான்று வேறு கிடைப்பது அரிது.

அப்பயணம் மேற்கு அவுஸ்திரேலியாவின் தலைநகராகிய பேர்த்துக்கும், காலிக்குக் கிழக்கே உள்ள கொக்கலை வாவிக்கும் இடையே நிகழ்ந்தது. 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கி 1945ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை நடைபெற்ற அச்சேவையில், விமானங்கள் நடுவில் எங்கும் தங்காமல் இந்து சமுத்திரத்தைக் கடந்தன. ஒரு முறை கடப்பதற்கு 27 மணி நேரம் முதல் 32 மணி நேரத்துக்கு மேலும் சென்றது. வானத்திலேயே ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து, மறுநாட் காலையும் பிறந்துவிடும். இன்று ஜெட் விமானங்களிற் செல்லும் எந்தப் பயணியும் இவ்வளவு நேரம் தரையிறங்காமற் பறப்பதில்லை.

இத்தகைய பயணம் ஏன் வேண்டியதாயிற்று என்பதை முதலில் அறிதல் நலம். 1938ஆம் ஆண்டு தொடக்கம், சிட்னித் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் பறக்கும் படகுகள் என்று அழைக்கப்பட்ட நீர் விமானங்கள் சென்றுவந்தன. அவை பகலிற் பறந்து, இரவில் தங்கி, சிங்கப்பூர், இந்தியா, எகிப்து ஆகிய இடங்களின் வழியாக ஏறக்குறையப் பத்து நாட்களிற் பயணத்தை முடித்தன. கப்பலில் வாரக்கணக்கில் மிதந்து சென்ற தலைமுறைக்கு அது பெரும் விரைவாகவே தோன்றியது. ஆனால் 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி அறுந்தது போல, அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே இருந்த அந்த வான்வழி அன்றோடு அறுந்தது. சிட்னிக்கும் இலண்டனுக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் அங்குலமும் கூடவில்லை. ஆயினும் அவை ஒன்றையொன்று அணுகும் காலம் பல மடங்காகப் பெருகிற்று. அரசாங்கக் கடிதங்களும், போர்முனையிலிருந்த வீரரின் கடிதங்களும் நீண்ட கடல்வழியையே நம்பி நிற்கவேண்டியதாயிற்று.

அறுந்த சங்கிலியை இணைக்க ஒரே வழிதான் இருந்தது. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலிருந்து, யப்பானியர் கையிலிருந்த தீவுகளைத் தொடாமல், சமுத்திரத்தின் மேலாகவே பறந்து இலங்கையை அடையவேண்டும். இலங்கையில் அதற்கு ஏற்ற இடமாக அமைந்தது கொக்கலை. அலையற்ற நீண்ட வாவி நீர் விமானங்கள் இறங்குவதற்கு வாய்ப்பாக இருந்தது. போர்க்காலத்தில் அங்கே பிரித்தானிய விமானப் படையின் தளம் அமைக்கப்பட்டது. அதற்காக அவ்வூர் மக்கள் தம் வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு வெளியேறவேண்டி நேர்ந்தது. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு அழியாமல் எஞ்சியவற்றுள் ஒன்று. இரு பெருநாடுகளுக்கிடையே நேரத்தைக் குறைப்பதற்குச் செலுத்தப்பட்ட விலையில் ஒரு பகுதியை, அப்பயணத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒரு கிராமமே கொடுத்தது.

இனி, தூரம் எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதைப் பார்க்கலாம். சுவரிலே தொங்கும் தேசப்படத்தில் இரண்டு ஊர்களை அளவுகோலால் இணைத்து, அதுவே மிகக் குறுகிய வழி என்று கொள்வது பலரும் செய்யும் தவறு. படம் தட்டையானது, பூமி உருண்டையானது. ஒரு தோடம்பழத்தின் மேல் இரண்டு குண்டூசிகளைக் குத்தி, அவற்றுக்கிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே மிகக் குறுகிய வழியிற் படிந்துவிடும். அவ்வழியை இருபுறமும் நீட்டினால் அது பழத்தை இரு சம பாதிகளாகப் பிரிக்கும். விமானிகள் பெருவட்டம் என்று சொல்வது இந்த வழியைத்தான். பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே பெருவட்ட வழியில் உள்ள தூரம் 3,513 மைல். அதாவது ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்று திரும்பும் புகையிரதப் பயணத்தை ஏழு முறை செய்தால் இத்தூரம் ஆகும். வேறுபாடு யாதெனில், இங்கே வழியிலே ஒரு நிலையமும் இல்லை.

தூரம் தெரிந்தபின், நேரத்தைக் கண்டுபிடிப்பது பள்ளிப் பிள்ளைக்கும் இயல்வதே என்று தோன்றும். இச்சேவையில் ஈடுபட்டவை கற்றலீனா என்னும் பெயருடைய இரட்டை இயந்திர நீர் விமானங்கள். அவை மணிக்கு ஏறக்குறைய 125 மைல் வேகத்திற் பறந்தன. 3,513ஐ 125ஆல் வகுத்தால் 28 மணி நேரம் வரும். உண்மையிலும் பல பயணங்கள் ஏறக்குறைய இவ்வளவு நேரத்திலேயே முடிந்தன. ஆனால் மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் சென்றது. தூரமும் ஒன்று, விமானமும் ஒன்று. நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது?

அது காற்றிலிருந்து வந்தது. விமானத்தின் வேகம் என்பது தரையைக் குறித்த வேகமன்று. தன்னைச் சூழ்ந்த காற்றைக் குறித்த வேகம். ஆற்றிலே தோணி வலிப்பவனுக்கு இது எளிதில் விளங்கும். அவன் ஒரே பலத்தோடு வலித்தாலும், நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லும்போது கரை மெதுவாக நகரும்; ஓட்டத்தோடு செல்லும்போது விரைந்து நகரும். கற்றலீனாவின் எதிரே மணிக்கு 15 மைல் வேகத்திற் காற்று வீசினால், கடலின் மேல் அது நகரும் வேகம் 110 மைலாகக் குறையும். அவ்வேகத்தில் 3,513 மைலைக் கடக்க 32 மணி நேரம் வேண்டும். அதே காற்றுப் பின்னிருந்து வீசினால் வேகம் 140 மைலாகி, 25 மணி நேரமே போதும். ஓர் ஆளின் தொப்பியைச் சற்றே அசைக்கும் காற்று, இப்பயணத்தில் ஏழு மணி நேர வேறுபாட்டை உண்டாக்க வல்லது. இன்றைய ஜெட் விமானம் காற்றைவிட மிக வேகமாகச் செல்வதனால் இவ்வளவு பாதிப்புக்கு ஆளாவதில்லை. ஆயினும் அதன் நேர அட்டவணையிலும் போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் காற்றே காரணம்.

ஏழு மணி நேரம் கூடினால் என்ன, சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரலாமே என்று தரையிற் பயணம் செய்பவர் எண்ணலாம். வானத்தில் தாமதம் என்பது எரிபொருளைத் தின்னும் பொருள். இங்கேதான் இப்பயணத்தின் உண்மையான இடர் தோன்றுகின்றது. பயணம் முழுவதுக்கும், எதிர்க்காற்றுக்கு ஈடுசெய்வதற்கும் வேண்டிய பெற்றோலைப் புறப்படும்போதே சுமந்து செல்லவேண்டும். அதற்காக விமானத்தினுள்ளே மேலதிகத் தாங்கிகள் பொருத்தப்பட்டன. ஏறக்குறைய 2,000 கலன் பெற்றோல் நிரப்பப்பட்டது. ஒரு கலன் பெற்றோல் ஏழு இறாத்தலுக்குச் சற்று மேற்பட்ட நிறையுடையது. ஆகவே எரிபொருள் மட்டும் 14,000 இறாத்தலுக்கு மேல். விமானத்தின் முழு நிறையோ 35,000 இறாத்தலுக்குச் சற்று மேல். அதாவது ஐந்தில் இரண்டு பங்கு பெற்றோலே.

இவ்வளவு சுமையைத் தூக்கவேண்டுமாயின் மற்றவற்றைக் கைவிடவேண்டும். உள்ளே வெப்பத்தைக் காக்கும் உறைகள் அகற்றப்பட்டன. சிறகுகளிற் படியும் பனிக்கட்டியை நீக்கும் கருவிகளும் கழற்றப்பட்டன. பயணிகள் மூவருக்கு மேல் ஏற்றப்படவில்லை. கடிதங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிறை 152 இறாத்தல் மட்டுமே. மூன்று பயணிகளையும் கடிதப் பைகளையும் சேர்த்து நிறுத்தால் 700 இறாத்தலை எட்டுவது அரிது. ஓர் இறாத்தல் பயனுள்ள சுமையைக் கொண்டு சேர்ப்பதற்கு இருபது இறாத்தல் பெற்றோல் எரிக்கப்பட்டது என்று கணக்கிடலாம். வணிகக் கண்கொண்டு பார்த்தால் இது வீண்செலவு. ஆனால் மாதக்கணக்கில் செய்தி வராத இடத்திலிருந்து வரும் ஒரு கடிதத்தின் மதிப்பை அதன் நிறையைக் கொண்டு அளந்துவிட முடியாது.

நிறையோடு சேர்ந்து வந்த மற்றோர் ஆபத்தும் உண்டு. விமானத்துக்கு இரண்டு இயந்திரங்கள் இருந்தும், புறப்பட்டுப் பல மணி நேரம் வரை அது மிகக் கனத்திருந்தபடியால், ஓர் இயந்திரம் நின்றுவிட்டால் மற்றதன் பலத்தால் மட்டும் உயரத்தைக் காத்துக்கொள்ள முடியாது. பெற்றோல் எரிந்து சுமை குறைந்த பின்னரே அந்தப் பாதுகாப்புக் கிடைக்கும். ஆகையால் பயணத்தின் முற்பகுதியில் விமானம் கரைக்கு அண்மையில் இருந்தும் அபாயத்திலிருந்தது. கரையிலிருந்து விலக விலக, ஒரு வகையில் அபாயம் குறைந்தது.

திரும்புதல் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஓரிடத்தைக் கடந்தபின் புறப்பட்ட துறைக்குத் திரும்ப எண்ணினாலும் எரிபொருள் போதாது. முன்னே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்த இடத்தைத் திரும்பா எல்லை என்று சொல்லலாம். எடுத்துக்காட்டாக, விமானத்தில் 36 மணி நேரத்துக்கு எரிபொருள் இருக்கின்றது என்று கொள்வோர், காற்றே இல்லையாயின் 18ஆம் மணி நேரம் வரை திரும்புவதைப் பற்றி எண்ணலாம். எதிர்க்காற்று 15 மைல் வீசினால் அந்த எல்லை 20 மணி நேரத்துக்குத் தள்ளிப்போகும். ஏனெனில் திரும்பும்போது அக்காற்று உதவி செய்யும். பின்காற்று வீசினாலோ 16 மணி நேரத்துக்குள்ளாகவே முடிவு செய்துவிடவேண்டும். பின்காற்று பயணத்தைச் சுருக்கும் நண்பன். ஆனால் திரும்பும் கதவை விரைவில் அடைப்பதும் அதுவே. நேரத்தைக் கணிப்பது விமானிக்கு வெறும் அட்டவணை வேலையன்று, உயிரைக் காக்கும் வேலை என்பது இதனால் விளங்கும்.

நேரத்தைக் கணித்தால் மட்டும் போதாது, திசையும் தவறக்கூடாது. ஒரு பாகை அளவுக்குத் திசை பிழைத்தாலும், 3,513 மைலின் முடிவில் விமானம் 61 மைல் விலகிப் போயிருக்கும். இலங்கைத் தீவின் மிக அகலமான பகுதியே ஏறக்குறைய 140 மைல்தான். இரண்டு மூன்று பாகை பிழைத்தால் தீவையே காணாமற் கடந்துவிடலாம். பகைவரின் காதுக்கு எட்டாதிருக்கும் பொருட்டு, வானொலிக் கருவியை இயன்றவரை மௌனமாக வைத்திருக்கவேண்டும் என்பது கட்டளை. தரையிலிருந்து வழிகாட்டும் குரல் இல்லை. சூரியனையும் விண்மீன்களையும் கருவியால் அளந்து, கடிகாரத்தையும் அட்டவணைகளையும் துணைகொண்டு, தாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவர்கள் தாமே கண்டுபிடித்தனர். இச்சேவையின் ஐந்து விமானங்களுக்கும் அல்ட்டேயர், வேகா, றைஜல், அன்ராரிஸ், ஸ்பைக்கா என்று விண்மீன்களின் பெயர்களே இடப்பட்டிருந்தன. ஸ்பைக்கா என்பது தமிழர் சித்திரை என்று வழங்கும் மீன். அன்ராரிஸ் என்பது கேட்டை.

பகைவரைப் பற்றிய அச்சம் கற்பனையன்று. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்தே புறப்பட்ட கனேடிய விமானப் படையின் கற்றலீனா ஒன்று, இலங்கைக்குத் தென்கிழக்கே யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டது. லெனாட் பேர்ச்சல் என்பவர் தலைமையில் இருந்த அக்குழுவினர், தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் எச்சரிக்கையை வானொலி மூலம் அனுப்பிவிட்டனர். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. அவ்வெச்சரிக்கை முன்னரே கிட்டியிருந்தபடியால் நகரம் முற்றிலும் அயர்ந்திருக்கவில்லை. பேர்ச்சல் சிறைப்பட்டுப் போர் முடியும்வரை துன்புற்று, பின்னர் உயிரோடு மீண்டார். அதே வானத்தில், ஓர் ஆண்டுக்குப் பின், ஆயுதமற்ற கடித விமானங்கள் தனித்துப் பறந்தன. பகைவரின் விமானங்கள் உலாவும் பகுதியை இருளிலே கடக்கும்படி அவற்றின் புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது.

இவ்வாறு வகுத்ததன் விளைவாகவே, பயணிகள் ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். இதனாலேயே இச்சேவைக்கு "இரட்டைச் சூரியோதயம்" என்ற பெயர் நிலைத்தது. பயணம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும், "இரட்டைச் சூரியோதயத்தின் இரகசியக் கழகம்" என்னும் வேடிக்கைப் பெயர் பொறித்த சான்றிதழும் வழங்கப்பட்டது. இந்த இரண்டு உதயங்களுக்கும் இடையே எவ்வளவு நேரம் இருக்கும்? 24 மணி என்று உடனே சொல்லத் தோன்றும். வீட்டிலிருப்பவனுக்கு அது சரி, பறப்பவனுக்குச் சரியன்று. பேர்த் நகரம் கொக்கலைக்குக் கிழக்கே ஏறக்குறைய முப்பத்தைந்தரைப் பாகை நெட்டாங்கு தள்ளியிருக்கின்றது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆவதால், சூரியன் பேர்த்திலிருந்து கொக்கலைக்கு வர 2 மணி 22 நிமிடம் பிந்துகின்றது. மேற்கு நோக்கிப் பறப்பவன் சூரியனுக்கு முன்னே ஓடுகின்றான். ஆதலின் இரண்டாம் உதயம் அவனுக்கு ஏறக்குறைய 26 மணி நேரத்துக்குப் பின்னரே நிகழும். கிழக்கு நோக்கித் திரும்பிவருபவன் சூரியனை எதிர்கொள்கின்றான். அவனுக்கு 22 மணி நேரத்திலேயே அடுத்த விடியல் வந்துவிடும். பருவத்தாலும் அகலாங்காலும் சிறு வேறுபாடு உண்டாயினும் அடிப்படைக் கணக்கு இதுவே.

இன்றும் பயணச் சீட்டை வாசிப்போர் பலர் தடுமாறுவது இதே காரணத்தால்தான். சீட்டிலே அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். பேர்த் நேரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. ஏழு மணி நேரம் பறக்கும் ஒரு விமானம் பேர்த்திலிருந்து காலை 10 மணிக்குப் புறப்பட்டால், இலங்கையில் பிற்பகல் இரண்டரை மணிக்கு இறங்கும். நான்கரை மணி நேரமே சென்றதாகத் தோன்றும். திரும்பும்போது இலங்கையிலிருந்து காலை 10 மணிக்குப் புறப்பட்டால், பேர்த்தில் இரவு ஏழரை மணியாகியிருக்கும். ஒன்பதரை மணி சென்றதாகத் தோன்றும். விமானம் விரைவும் தளர்வும் கொண்டதன்று, கடிகாரங்களே வேறு.

271 முறை இந்து சமுத்திரத்தைக் கடந்த பின்பும் ஐந்து விமானங்களும் அழியாமல் மிஞ்சின. 1944ஆம் ஆண்டிலிருந்து, நான்கு இயந்திரங்கள் உடைய லிபறேற்றர் விமானங்கள் கொழும்பை அடுத்த இரத்மலானைக்கு வரத் தொடங்கின. இவை தரையில் இறங்குபவை. விரைவும் சுமைதாங்கும் வலிமையும் மிக்கவை. குவாண்டாஸ் நிறுவனத்தின் கங்காருச் சின்னம் முதன்முதல் தீட்டப்பட்டதும் இவ்விமானங்களிலேயே. போர் முடிந்ததும் கற்றலீனாக்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அமெரிக்காவின் கடன்-குத்தகை ஏற்பாட்டின் விதிகளின்படி அவற்றை வணிகத்துக்கு வைத்திருக்க இயலவில்லை. ஆகவே அவை அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் அமிழ்த்தப்பட்டன. பகைவராலும் புயலாலும் வீழ்த்தப்படாத விமானங்கள், ஒரு விதியினால் கடலடியிற் சென்றன.

அதன்பின் நேரம் வேகமாகச் சுருங்கியது. 1947 டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய சேவையில், கொன்ஸ்ரலேசன் விமானம் பல இடங்களிற் தங்கிச் சிட்னியிலிருந்து இலண்டனுக்கு நான்கு நாட்களிற் சென்றது. 1959இல் ஜெட் விமானம் வந்து அதையும் ஒன்றரை நாள் அளவுக்குக் குறைத்தது. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் ஒரு ஜெட் விமானத்துக்குப் பேர்த்திலிருந்து இலங்கைக்குள்ள 5,650 கிலோமீற்றரைக் கடக்க ஆறேகால் மணி நேரம் போதும். ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக மேலும் அரை மணி சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நேர் விமானம் கிடையாத நாளில், பயணி சிங்கப்பூர் வழியாகச் செல்லவேண்டும். பேர்த்திலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 3,900 கிலோமீற்றர். அங்கிருந்து கொழும்பு 2,700 கிலோமீற்றர். தூரம் ஆயிரம் கிலோமீற்றர் அளவுக்கே கூடுகின்றது. நேரமோ, இடையிற் காத்திருப்பதையும் சேர்த்தால், இரு மடங்காகவும் ஆகலாம். பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு என்பதைச் சீட்டு வாங்குவோர் மனத்திற் கொள்ளவேண்டும்.

வழி அடைபட்டால் நேரம் என்னாகும் என்பதற்கு இலங்கையிலேயே அண்மையான எடுத்துக்காட்டு உண்டு. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பலாலிக்கும் சென்னைக்கும் இடையே ஏறக்குறைய 360 கிலோமீற்றர்தான். பின்வந்த யுத்தகாலத்தில் அவ்வழி இல்லாதொழிந்தது. வடக்கே செல்லவேண்டிய யாழ்ப்பாணத்தார், முதலில் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் வடக்கே பறக்கவேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பறப்பு, ஓர் இரவும் பகலும் கொண்ட பயணமாயிற்று. மரணச் செய்தி கேட்டுப் புறப்பட்டவர் இறுதிச் சடங்குக்குப் பிந்திச் சேர்ந்தால், அவரைத் தடுத்தது தூரம் என்று எவரும் சொல்லமாட்டார். 2019ஆம் ஆண்டில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னைக்கு நேர் விமானம் மீண்டும் புறப்பட்டது. உலகின் வேறு பகுதிகளிலும் இவ்வாறே. 2022ஆம் ஆண்டில் ரஷ்ய வான்வெளி அடைக்கப்பட்டதும், பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு ஏறக்குறைய ஒன்பதரை மணி நேரத்திற் சென்ற விமானம் பதின்மூன்று மணி நேரம் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று.

2018 மார்ச் 24ஆம் நாள், பேர்த்திலிருந்து இலண்டனுக்கு நடுவில் நில்லாத சேவை தொடங்கியது. 14,498 கிலோமீற்றரை ஏறக்குறைய 17 மணி நேரத்தில் அது கடந்தது. கற்றலீனா இலங்கை வரை வருவதற்கே எடுத்த நேரத்தைவிட இது பத்து மணிக்கு மேற் குறைவு. சிட்னியிலிருந்து இலண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் அவ்வாறே நில்லாமற் பறக்கும் திட்டத்துக்கு "சூரியோதயத் திட்டம்" என்று பெயரிடப்பட்டது. கொக்கலைக்கு வந்த பழைய விமானங்களை நினைவுகூர்ந்தே அப்பெயர் வைக்கப்பட்டது. அத்திட்டத்துக்காக 2022ஆம் ஆண்டில் 12 புதிய விமானங்கள் கோரப்பட்டன. அவற்றில் 20,000 லீற்றர் கொள்ளும் மேலதிகத் தாங்கி ஒன்று பொருத்தப்படுவதும், முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய விமானத்தில் 238 இருக்கைகளே வைக்கப்படுவதும் அத்திட்டத்தின் பகுதிகள். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய விதி மாறவில்லை என்பதை இதிற் காணலாம். நெடுந்தூரம் பறக்கவேண்டுமாயின் எரிபொருளைச் சுமக்கவேண்டும். எரிபொருளைச் சுமப்பதற்கு மனிதரைக் குறைக்கவேண்டும். அன்று மூவர், இன்று 238 பேர். கணக்கு ஒன்றே.

ஆகவே, இரண்டு நகரங்களுக்கிடையே எவ்வளவு நேரம் என்று கேட்பவருக்கு ஓர் எண்ணை மட்டும் விடையாகக் கொடுப்பது போதாது. அந்த எண்ணினுள்ளே காற்றின் திசையும், தாங்கியின் கொள்ளளவும், இரு ஊர்களின் கடிகாரங்களும் அடங்கியிருக்கின்றன. நாடுகள் தம்முள் கொண்ட நட்பும் பகையும்கூட அடங்கியிருக்கின்றன. தூரத்தை மனிதன் ஆக்கவுமில்லை, அழிக்கவும் முடியாது. நேரத்தை மட்டும் அவன் கூட்டவும் குறைக்கவும் வல்லவன். கொக்கலை வாவியின் நீர் இன்று அமைதியாகவே கிடக்கின்றது. ஒரு காலத்தில், இரண்டாம் சூரியோதயத்தின் ஒளியில் அந்நீரின்மேல் வந்திறங்கிய விமானத்திலிருந்து இறக்கப்பட்டது 152 இறாத்தல் கடிதம் மட்டுமே. அதற்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த 32 மணி நேரம் நீண்டதாகத் தோன்றியிராது.